மையம் பூட்டியிருந்தால் ராஜா பத்திரம்

காஸ்லிங் செய்த ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களைத் தொடக்கூடாது என்பது செஸ் வகுப்பில் முதலில் சொல்லித்தரும் பாடம். கிங்ஸ் இந்தியன் தொடக்கத்தில் கறுப்பு ஆடுபவர் அதே சிப்பாய்களைத்தான் முன்னே தள்ளித் தாக்குகிறார். அப்படியும் ராஜா தப்பிப்பது எப்படி?

விடை மையத்தில் இருக்கிறது. 8ஆவது நகர்த்தலில் வெள்ளை டி5 தள்ளியதும், இ4, டி5 வெள்ளைச் சிப்பாய்களும் இ5, டி6 கறுப்புச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. நடுவே வழி இல்லாததால் வெள்ளை ராணிப்பக்கம் சி5 தள்ளி உள்ளே நுழையப் பார்க்கும். கறுப்பு எஃப்5, எஃப்4, ஜி5 என்று எதிர் ராஜாவை நோக்கி இறங்கும். வெள்ளை ஜெயித்தால் ஒரு காய் கிடைக்கும். கறுப்பு ஜெயித்தால் ஆட்டமே கிடைக்கும்.

1989 டில்பர்க் போட்டியில் நெதர்லாந்தின் பிக்கெட்டுக்கு எதிராகக் காஸ்பரோவ் ஆடிய ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. அவர் யானையை எஃப்7க்கும் பிஷப்பை எஃப்8க்கும் கொண்டுபோனார். பிஷப் டி6 சிப்பாயைக் காத்தது. யானை ஏழாவது வரிசையைக் காத்தபடியே ஜி7க்குத் தாவத் தயாராக நின்றது. தற்காப்பும் தாக்குதலும் ஒரே ஏற்பாட்டில் முடிந்தன. 1953இல் மார் டெல் பிளாட்டாவில் நைடார்ஃபை வென்ற கிளிகோரிச் காட்டிய வழி அது.

20ஆவது நகர்த்தலில் பிக்கெட்டின் குதிரை சி7இல் இறங்கி இன்னொரு யானையை மிரட்டியது. காஸ்பரோவ் அதைச் சட்டை செய்யாமல் ஜி3 தள்ளினார். யானை போனது, அவர் உடனே திருப்பி வெட்டவும் இல்லை, குதிரையை எச்5க்கு நகர்த்தினார். 28ஆவது நகர்த்தலில் அந்தக் குதிரை எச்1 மூலைக்குப் போனதும் பிக்கெட் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெள்ளை ராஜா அதை வெட்டினால், எஃப்2 யானையை ராணி தூக்கிவிடும். காஸ்பரோவின் ராஜாவோ கடைசிவரை ஜி8ஐ விட்டு அசையவில்லை.

ஆனால் இது ஓட்டப்பந்தயம். 9ஆவது நகர்த்தலிலேயே பி4 தள்ளி நேரத்தை மிச்சப்படுத்தும் பயோனெட் தாக்குதலால் கிராம்னிக் 1997இல் காஸ்பரோவையே வீழ்த்தினார். அதன்பின் காஸ்பரோவ் இந்தத் தொடக்கத்தை ஏறக்குறையக் கைவிட்டார்.

ஆகவே ராஜாவின் சிப்பாய்களைத் தள்ளுமுன் மையத்தைப் பாருங்கள். அது பூட்டியிருந்தால் துணிந்து தள்ளலாம். திறந்திருந்தால் வகுப்பில் கேட்ட பழைய பாடமே சரி.