நாளைய செவிக்கு இன்றைய பாட்டு: ஜனரஞ்சக இசையும் தெரிந்தெடுக்கப்பட்ட மரபும்

சமகால ஜனரஞ்சக இசை பற்றிய உரையாடல்களில் ஒரு வாக்கியம் தவறாது வந்து சேர்கின்றது: எது நிலைக்கும், எது மறையும் என்பதைக் காலமே தீர்மானிக்கும் என்பதே அது. திரையிசையை வெறுப்போரும் போற்றுவோரும் இவ்விடயத்தில் ஒன்றுபடுகின்றனர். முன்னவர்க்கு, ஆரவாரம் அடங்கியதும் தரமானது எஞ்சும் என்ற ஆறுதல்; பின்னவர்க்கு, நேற்றுப் பழிக்கப்பட்ட பாட்டு இன்று போற்றப்படுவது போல இன்றையதும் நாளை போற்றப்படும் என்ற நம்பிக்கை. இரு சாராரும் காலத்தை ஒரு நீதிபதியாக, அதுவும் எவ்வித உடைமையும் நலனும் இல்லாத நீதிபதியாகக் கற்பித்துக் கொள்கின்றனர். ஆயின் காலம் எதனையும் தீர்மானிப்பதில்லை. ஒலியைப் பதிந்தோர், பதிவை உடைமையாகக் கொண்டோர், அதனை மீண்டும் ஒலிக்கச் செய்தோர், அதுபற்றி எழுதியோர், எழுதாது விட்டோர் ஆகியோரே தீர்மானித்து வந்துள்ளனர்.

றேமண்ட் வில்லியம்ஸ் 1961இல் வெளிவந்த தமது 'நெடும் புரட்சி' நூலிற் பண்பாட்டின் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காட்டினார். ஒரு காலத்திலும் இடத்திலும் வாழ்ந்தோர் மட்டுமே முழுமையாக அறியக்கூடிய வாழ்ந்த பண்பாடு. அதிலிருந்து பதிவாகி எஞ்சும் பண்பாடு. அப்பதிவுகளிலிருந்து பின்வந்தோர் பொறுக்கியெடுத்துக் கொள்ளும் மரபு. தெரிந்தெடுக்கப்பட்ட மரபு என அவர் குறித்த இம்மூன்றாவது நிலை, தெரிவு செய்யும் சமுதாயத்தின் நலன்களோடு, குறிப்பாக வர்க்க நலன்களோடு, பிணைந்தது. இலக்கிய வரலாற்றில் இக்கருத்தைப் பிரயோகிப்பது நமக்குப் புதிதன்று. பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் ஒலிக்கும் இசைக்கு அது போதியளவு பிரயோகிக்கப்படவில்லை.

தமிழில் இதற்குப் பழைய சான்று சிலப்பதிகாரமாகும். கானல் வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என்பனவும், வாழ்த்துக் காதையில் வரும் அம்மானை, கந்துகம், ஊசல், வள்ளை என்பனவும் அக்காலத்து மக்களிசையின் சுவடுகள். பந்தடித்தும் ஊஞ்சலாடியும் நெல்லுக் குற்றியும் பெண்கள் பாடிய பாட்டு, ஒரு துறவியின் காப்பியத்தினுட் புகுந்தமையாலேயே நம்மை வந்தடைந்தது. புகும்போது அது மாறியும் இருக்கவேண்டும். வள்ளைப் பாட்டில் உலக்கை பிடித்தவர்கள் மூவேந்தர் புகழையே பாடுகின்றனர். தமது கைநோவை அவர்கள் பாடியதுண்டா என்பதைக் காப்பியம் நமக்குச் சொல்லாது. மேலும், சொல் எஞ்சியதேயன்றி ஒலி எஞ்சவில்லை. உரையாசிரியர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பழந்தமிழர் யாழையும் பண்ணையும் மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 'யாழ் நூல்' 1947இல், அவர் மறைந்த அதே ஆண்டில், அரங்கேறியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் கணிதத்தின் துணைகொண்டு தேடவேண்டியிருந்த ஒலியை, ஒரு காலத்தில் மன்றத்தில் நின்ற எவரும் சும்மாவே கேட்டிருப்பர்.

ஒலிப்பதிவு இந்நிலைமையைத் தலைகீழாக்கியது. 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பனி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த காலந்தொட்டு இத்துணைக்கண்டத்தில் ஒலி எஞ்சுகின்றது. அவ்வொலி பிறந்த சூழல் எஞ்சுவதில்லை. எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரலை இன்று எவரும் கேட்கலாம். ஆயின் 1944இல் 'ஹரிதாஸ்' படத்தைக் காணத் திரண்ட மக்கள், யுத்தகாலப் பஞ்சத்துக்கும் பங்கீட்டுக்கும் நடுவே, அப்பக்திப் பாட்டிலும் சிருங்காரப் பாட்டிலும் எதனைக் கேட்டனர் என்பது இசைத்தட்டில் இல்லை. அக்கம்பனியின் இந்திய வாரிசான சரிகம நிறுவனம் 2017இல் 'கார்வான்' என்னும் கருவியை விற்பனைக்கு விட்டது. பழைய வானொலிப் பெட்டியின் தோற்றங் கொண்ட அதனுள் 5000 ஹிந்திப் பாடல்கள் முன்கூட்டியே இடப்பட்டிருந்தன. பின்னர் தமிழ்ப் பதிப்பும் வந்தது. முதியோருக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் அன்பளிப்பாக அது பெரிதும் பரவிற்று. வில்லியம்ஸ் கருத்தாகக் கூறியதனை இங்கே கைப்பிடியுள்ள பெட்டியாகவே காண்கின்றோம். அதன் பாட்டுக்கள் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்தவை. வேறொரு கம்பனி பதிந்த பாட்டு, எத்துணை நல்லதாயினும், அப்பெட்டிக்குரிய பொற்காலத்தில் பாடப்படவேயில்லை.

இவ்விடத்தில் அடோர்னோவைத் துணைக்கழைப்பது வழக்கம். ஜனரஞ்சக இசை அச்சில் வார்த்தது போன்ற ஒருமைத் தன்மையுடையது என்றும், ஓயாது ஒலிக்கச் செய்வதாலேயே அது ஏற்கச் செய்யப்படுகின்றது என்றும் 1941இல் அவர் வாதிட்டார். ஒரு பாட்டு எவ்வாறு வெற்றி பெறுகின்றது என்பதற்கு இது இன்றும் செல்லுபடியாகும் விளக்கமே. அதே பாட்டை நாற்பது ஆண்டு கழித்துத் தொட்டிலருகே ஒருத்தி ஏன் பாடுகின்றாள் என்பதற்கு அதில் விடையில்லை. கிரேக்கக் கலையைச் சமூக வளர்ச்சியின் ஒரு கட்டத்தோடு பொருத்திக் காண்பது கடினமன்று, அது நமக்கு இன்னும் இன்பம் பயப்பது ஏன் என்பதே கடினமான வினா என 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளில் மார்க்ஸ் எழுதினார். நமது முற்போக்கு விமர்சனம் இவ்விரண்டாவது வினாவைப் பெரும்பாலும் தவிர்த்தது. சினிமாப் பாட்டையும் பொப் பாட்டையும் நச்சு என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிற்று. ஒதுக்குவதும் ஒரு தெரிவே. அத்தெரிவின் பயனாய்க் களம் முழுவதும் கம்பனிகளுக்கே விடப்பட்டது.

இலங்கையின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். 1952இல் பி.வி.கேஸ்கர் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானதன் பின்னர் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் ஏறக்குறைய விலக்கப்பட்டன. வெற்றிடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நிரப்பிற்று. எஸ்.பி.மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர் தமிழகத்தில் எல்லோரும் அறிந்தோராயினர். தமிழகத்தார் தமது சொந்தப் பாடல்களைக் கொழும்பு வழியாகக் கேட்டுப் பழகினர். ஈழத்தவரின் பாட்டோ அதே வானொலியில் திரைப்பாட்டின் நிழலில் நின்றது.

1960களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த பொப் இசையை, துள்ளிசை என வழங்கியதனை, இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' ஆகியன யாவரும் அறிந்தவை. போர்த்துக்கேயர் தொடர்பால் வந்த பைலாத் தாளம், கிற்றார், யாழ்ப்பாணத்துப் பேச்சு, சிங்களச் சொல் என்பன அவ்விசையிற் கலந்தன. 'சுராங்கனி' பாக்கு நீரிணையைக் கடந்தது. 2018இல் மனோகரன் சென்னையிற் காலமானபோது அங்குள்ள பத்திரிகைகளும் அப்பாட்டையே முதலில் நினைவுகூர்ந்தன. ஆயினும் சுற்றுலா பஸ்களில் அதனைக் கைதட்டிப் பாடும் தமிழகத்து மாணவர் பலருக்கு, மீன் கொண்டுவந்த செய்தி சொல்லும் அச்சிங்கள அடி பொருளற்ற ஓசையாகவே கேட்கின்றது. ஒரு நாட்டின் இருமொழி மக்கள் ஒரே தாளத்துக்கு ஆடிய காலம் ஒன்றிருந்தது என்ற செய்தி அவ்வோசையினுள் அமிழ்ந்துவிட்டது. இதனைப் பொற்காலமாக்கவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்ததும் அதே 1970களிலேதான். ஒரே தாளத்துக்கு ஆடியோர் ஒரே உரிமையோடு வாழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. பாட்டின் களிப்பையும் அக்காலத்தின் கசப்பையும் சேர்த்து நினைவுகொள்வதே விமர்சகனின் வேலை. களிப்பை மட்டும் விற்பது கம்பனியின் வேலை.

நமது காலத்துப் பாட்டொன்றுக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' சில மாதங்களிலேயே யூரியூப்பிற் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. சந்தோஷ் நாராயணன், தீ, அறிவு ஆகிய மூவரின் பெயர்களோடு அது வந்தது. நிலமற்ற தம் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும், பின்னர் திரும்பி வந்ததையும், தம் பாட்டியின் வாழ்வையும் அறிவு அதன் அடித்தளமாகக் கூறினார். அப்பாட்டின் பின்னாலுள்ள வரலாறு சிறியதன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு ஒத்திவைத்தது. இவ்வாறு பங்கிடப்பட்டோரின் பேரப்பிள்ளை ஒருவர் ஒப்பாரியின் சாயலையும் ராப்பின் வேகத்தையும் இணைத்துப் பாடியது தமிழ் ஜனரஞ்சக இசையில் அரிய நிகழ்வு.

எனினும் மறதி உடனேயே வேலை செய்யத் தொடங்கிற்று. 2021 ஆகஸ்டில் 'றோலிங் ஸ்ரோன்' சஞ்சிகையின் இந்தியப் பதிப்பு இப்பாட்டைச் சுட்டிய தன் அட்டையில் அறிவின் படத்தை இடவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவிற் பாட்டு ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. அதனையொட்டி, பாட்டில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்ற விவாதம் பகிரங்கமாயிற்று. வருமானம் பற்றிய பிணக்கு 2024இல் வெளிவந்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கவனிக்க வேண்டியது வேறு: வெளிவந்து ஓராண்டு நிரம்புமுன்னரே, உலகின் கண் முன்னாலேயே, தெரிந்தெடுப்பு நடந்தது. அறிவின் பாட்டிக்கு மூத்த தலைமுறைகள் தோட்டத்துக் கொழுந்து மலையிற் பாடியவற்றுட் சிலவற்றை சி.வி.வேலுப்பிள்ளை போன்றோர் எழுதிவைத்திராவிடில், இப்பாட்டின் கொடிவழியைக் காட்ட நமக்கு ஏடே இராது.

இன்று யாவும் இணையத்திற் கிடக்கின்றன, ஆகவே எதுவும் அழியாது என்பாருமுண்டு. மைஸ்பேஸ் தளம் 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட இசையைச் சேமிப்பக மாற்றத்தின்போது இழந்துவிட்டதை 2019இல் உலகம் அறிந்தது. இழந்தவை ஐந்து கோடிப் பாடல்கள் வரை எனக் கணிக்கப்பட்டது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981இல் எரியக் கண்ட சமூகத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இங்கே தீ வைக்க ஆளும் தேவைப்படவில்லை என்பதே வேறுபாடு. அழியாது எஞ்சுவதும் சமமாக எஞ்சுவதில்லை. ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்டதையே மேலும் கேட்கத் தருவது அத்தளங்களின் கணிப்பொறி முறை. 2070இல் ஒருவர் நமது காலத்துப் பாட்டைத் தேடுவாராயின், முதலில் அவரை வந்தடைவது நாம் விரும்பியது என்பதைவிட நமக்கு அதிகம் விற்கப்பட்டது என்பதே பொருந்தும்.

ஆகவே இன்றைய பாடல்களுள் நிலைக்கத் தக்கவை எவை என்று பட்டியலிடுவதிற் பயனில்லை. எப்பாட்டை யார் எங்கே பாடினர், எவ்வேளையிற் கேட்டனர், கூலி யாருக்குக் கிடைத்தது, யார் பெயர் உறையில் இடம்பெறவில்லை என்பவற்றைப் பாட்டோடு சேர்த்துப் பதிய வேண்டும். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம ஆவணக முயற்சி, அச்சேறியவற்றைப் பொறுத்தவரை இது செய்யத்தக்கது என நிறுவியுள்ளது. பாட்டைப் பொறுத்தவரை நமது தமிழ்த் துறைகளின் பட்டப்படிப்பு ஆய்வுகள் ஏன் இவ்வழியே செல்லலாகாது? 1970இல் இருபது, இருபத்தைந்து வயதில் பொப் இசைக் குழுக்களிற் கிற்றாரும் கொங்கோவும் வாசித்த இளைஞர் இன்று எழுபத்தைந்தையும் எண்பதையும் அடைந்துள்ளனர். லயன் அறைகளில் ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்களுட் பலரும் அதே வயதினர்.