தைகாவின் மரப்பொறி

சைபீரியாவின் யெனிசே ஆற்றை ஒட்டிய தைகா, அதாவது ஊசியிலைப் பெருங்காட்டில், ‘சேபிள்’ எனப்படும் சிறு ஊனுண்ணியை அதன் மென்மயிர்த் தோலுக்காகப் பொறிவைத்துப் பிடிக்கும் தொழில், உடல்வலிமையினும் கூர்ந்த கவனிப்பையே முதலாகக் கொண்ட நுண்கலையாகும். குளிர்கால மயிர் முதிர்ந்த பின்னரே தோல் மதிப்புப் பெறுவதால் வேட்டை இலையுதிர்காலத்தின் முடிவில் தொடங்குகிறது. முதற்பனியில் ‘லைகா’ இன நாய்கள் சேபிளைத் துரத்தி மரத்தில் ஏற்ற, பனி ஆழமாகி அவை ஓட இயலாதபோது பொறிகளின் காலம் பிறக்கிறது.

அப்பொறிகளுள் பழமையும் எளிமையும் ஒருங்கே அமைந்தது ‘குல்யோம்கா’. முளைகளை நெருக்கமாக அடித்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த சிற்றறை அமைத்து, உள்ளே இரை வைத்து, வாயிலில் கிடத்திய கட்டைக்கு மேலே கனத்த மற்றொரு கட்டையைக் குச்சிகளின் தாங்கலில் நிறுத்துவதே இதன் அமைப்பு. விலங்கு இரையை இழுத்ததும் தாங்கல் நழுவி, மேற்கட்டை விழுந்து அதனைக் கொல்கிறது; தோலோ கிழிவதில்லை. காட்டு மரமும் கோடரியும் கத்தியுமே போதுமான இப்பொறியின் நுட்பமெல்லாம் தாங்கலைச் செதுக்குவதில் அடங்கியுள்ளது: கட்டையின் பாரத்தையும் அதன்மேல் படியும் பனியையும் பொறுக்கும் உறுதியும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள உயிரின் சிறு இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும் இளக்கமும் அதில் ஒருசேர அமைந்தாக வேண்டும்.

பொறிகளை இணைத்துச் செல்லும் ‘புதிக்’ என்னும் தடத்தில் வேட்டைக்காரர் அகன்ற சறுக்குக் கட்டைகளில் செல்கிறார். அவற்றின் அடியில் ‘காமுஸ்’, அதாவது மூஸ் அல்லது கலைமானின் கால்தோல், மயிர் பின்னோக்கிச் சாயுமாறு ஒட்டப்பட்டிருப்பதால், கட்டை முன்னே வழுக்கிச் செல்கிறது. மேட்டில் ஏறும்போது பின்னே சரிவதில்லை. விலங்கின் மயிர்ப்போக்கையே நடைக்குத் துணையாக்கிய அறிவு வியக்கத்தக்கது.

எனினும் கைத்திறன் மட்டுமே இக்கலையை நிறைவு செய்வதில்லை. மிகை வேட்டையால் சேபிள் அருகிப்போனதால்தான் பைக்கால் ஏரியின் கீழைக் கரையில் பார்குசின் காப்பகம் 1917இல் நிறுவப்பட்டது. 1935 முதல் 1940 வரை சோவியத் ஒன்றியத்தில் சேபிள் வேட்டையே தடைசெய்யப்பட்டது. ஆகவே, பருவ முடிவில் ஒவ்வொரு பொறியையும் செயலிழக்கச் செய்துவிட்டுத் திரும்புவதும், இனம் பெருகத் தேவையானவற்றை விட்டுவைப்பதும் இத்தொழிலின் இலக்கணத்திலேயே சேர்ந்தவை. எடுப்பதன் அளவை அறிந்தவரே இதில் தேர்ந்த கலைஞர் எனப் போற்றத் தக்கவர்.