வெண்மணிக்கு நினைவுச்சின்னம் மட்டும் போதுமா?

தஞ்சாவூரில் மாபெரும் சோழர் அருங்காட்சியகம் அமையும் என்று 2023ஆம் ஆண்டு தமிழக வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. அங்கே சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்களின் வரலாற்றுக்கும் இடம் வேண்டும் என்றால், 'அவர்களுக்குத்தான் கீழ்வெண்மணியில் நினைவுச்சின்னம் இருக்கிறதே' என்ற பதில் வருகிறது. நல்லெண்ணம் உள்ளவர்களும் இப்படிச் சொல்வதால்தான் இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. நினைவுச்சின்னத்தின் அருமையில் எனக்கு ஐயமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு இராமையா என்பவரின் குடிசைக்குள் எரிக்கப்பட்ட, விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுவித்த பிறகும் நாடு மறந்துவிடாதபடி காத்தது அந்த இடமும், ஆண்டுதோறும் அங்கே திரளும் செங்கொடிக் கூட்டமும்தான். அதுபோலவே, தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம் 1951 முதல் சோழர் செப்புப் படிமங்களைக் காத்துவருவதும் பெரும்பணியே.

ஆனால் நினைவுச்சின்னம் ஓர் இரவைத்தான் சொல்கிறது. அந்த இரவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சொல்ல அதனால் இயலாது. அது அதன் வேலையும் அல்ல. அஞ்சலி செலுத்திவிட்டுத் திரும்பும் பள்ளி மாணவிக்கு 44 பேர் இறந்தது தெரிந்திருக்கும். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டது ஏன் அவ்வளவு பெரிய குற்றமாயிற்று என்பது தெரிந்திருக்காது. அது தெரிய வேண்டுமானால் பண்ணையாள் முறை என்னவென்று தெரிய வேண்டும். கடனுக்கும் குடியிருப்பு மனைக்கும் கட்டுப்பட்டுக் குடும்பமே ஒரு மிராசுக்கு உழைத்தது, சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தது, 1940களில் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் சேரி சேரியாகச் சென்று சங்கம் கட்டியது, 1952இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது, அதன்பின் கூலிச் சண்டை மூண்டது எல்லாம் தெரிய வேண்டும். வெண்மணிக்குப் பிறகு 1969இல் வந்த நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டமும் தெரிய வேண்டும். இந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டால் வெண்மணி கொடிய மிராசுதார் ஒருவனின் வெறிச்செயலாகச் சுருங்கிவிடும். அவனும் 1980இல் கொல்லப்பட்டதோடு கதை முடிந்ததாகிவிடும். போராடி உரிமை பெற்ற மக்கள், எரிந்து செத்தவர்களாக மட்டுமே மிஞ்சுவார்கள். நம் நினைவுகூரலில் எனக்கு நெடுநாளாக உள்ள மறுப்பு இதுதான்.

சோழர் காட்சிக்கூடத்தில் பண்ணையாள் வரலாற்றுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சோழர் கல்வெட்டுகளைப் படிக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது குளத்தோடும் சுடுகாட்டோடும் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் எழுதிவைத்திருக்கின்றன. பஞ்சகாலத்தில் ஒரு வேளாளரும் அவருடைய இரு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது, ஆண்டு 1201. விற்றுக்கொண்டவர் வேளாளர் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமைத்தனம் ஒரு சாதியோடு நின்றதல்ல, ஆனால் சில சாதியார் மீது அது தலைமுறை தலைமுறையாக இறுகியது. கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும் காட்சிப்பலகை இதையும் சொன்னால் இராசராசனின் புகழ் எந்த வகையில் குறைந்துவிடும்?

'உழைத்தவர்கள் பொருள் எதையும் விட்டுச்செல்லவில்லை, காட்சிக்கு என்ன வைப்பது' என்பார்கள். வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தை உருவாக்க லானி பன்ச் 2005இல் பொறுப்பேற்றபோது அவரிடம் ஒரு பொருள்கூட இல்லை. அவரும் அவர் குழுவினரும் ஊர் ஊராகச் சென்று, வீட்டில் கிடப்பதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டார்கள். 2016இல் திறந்தபோது தென் கரோலினாத் தோட்டத்தில் அடிமைகள் வாழ்ந்த மரக்குடிலே ஒன்று உள்ளே நின்றது. நம் காவிரி டெல்டாவில் கூலி அளந்த மரக்காலும் படியும் இருக்கின்றன, மிராசு வீடுகளில் பண்ணைக் கணக்கு ஏடுகள் இருக்கின்றன, சங்கத் துண்டறிக்கைகள் இருக்கின்றன. வசதியான நிலக்கிழார்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்களா என்று ஐயுற்ற உயர்நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. அதை அப்படியே சுவரில் ஒட்டினால் போதும், விளக்கம் தேவைப்படாது. ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை' நூல் வந்து ஆண்டுகள் பலவாகிவிட்ட நிலையில் சான்று போதவில்லை என்பது சாக்குதான்.

இன்னொரு மறுப்பு, ஆறிய புண்ணைக் கிளறினால் சாதிப் பகை மூளும் என்பது. இதை எப்போதும் சொல்பவர்கள் அடித்தவர்களின் பக்கத்தில் நின்றவர்களே. அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள விட்னி தோட்டம் 2014 முதல் முதலாளியின் மாளிகையை ஓரத்தில் வைத்து அடிமைகளின் வாழ்வை நடுவில் வைத்துக் காட்டுகிறது. வெள்ளையரும் அங்கே சென்று கேட்கிறார்கள். நம் ஊரில் மட்டும் மிராசுதாரின் பேரன் உண்மையைத் தாங்கமாட்டான் என்று முடிவுகட்டுவது அவனுக்கும் இழிவு. தாமதிக்கவும் நேரமில்லை. 1952 சட்டத்தின்போது வயலில் இருந்த சிறுவர்களுக்கே இன்று எண்பது வயது ஆகிவிட்டது. கட்டடம் எழும்வரை காத்திராமல், அவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு நாகைக்கும் திருவாரூருக்கும் ஆட்களை இந்தக் கோடையிலேயே தொல்லியல் துறை அனுப்ப வேண்டும்.