சாக்கோனியின் நூலும் ஸ்ட்ராடிவாரி வார்னிஷ் குறித்த ஆய்வுகளும்: ஒரு மதிப்பீடு

சிமோனே சாக்கோனி 1972இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடிவாரியின் “இரகசியங்கள்”’ என்னும் நூலின் தலைப்பிலேயே ஒரு தயக்கம் உள்ளது. ‘இரகசியங்கள்’ என்ற சொல்லை அவர் மேற்கோள் குறிகளுக்குள் வைத்தார். நூலைப் பின்பற்றியோர் பலர் குறிகளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டனர். எனினும் இதற்கு நூலாசிரியரும் ஓரளவு பொறுப்பாளர் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

வயலினின் வடிவமைப்பைப் பேசும் பகுதிகளில் சாக்கோனி உறுதியான நிலத்தில் நிற்கிறார். ஸ்ட்ராடிவாரி பட்டறையின் மர அச்சுகளும் வரைபடங்களும் அவருடைய மகன் வழியாகக் கோசியோ பிரபுவை அடைந்தன. பின்னர் 1920இல் அவற்றை வாங்கிய ஜுசெப்பே ஃபியோரினி 1930இல் கிரெமோனா நகருக்கு வழங்கினார். அச்சையும் கருவியையும் அருகருகே வைத்து அளந்து எழுதியமையால், அப்பகுதிகளை மறுப்பவர் வேறு அளவுகளைக் கொண்டுதான் மறுக்க இயலும்.

வார்னிஷ் பற்றிய பகுதி அத்தகையதன்று. மரத்தினுள் பொட்டாசியம் சிலிக்கேட் ஊட்டப்பட்டது, மேற்பூச்சில் தேனீப் பிசின் கலந்தது என அவர் கூறுவதற்கு அடிப்படை, நெடுங்காலம் பழங்கருவிகளைச் செப்பனிட்டவரின் கண்ணும் கையும் தாமே செய்துபார்த்த சோதனைகளுமே. அவ்வனுபவம் மதிக்கத்தக்கது. ஆயினும் ஒரு கலவையால் அதே தோற்றத்தை உண்டாக்க முடிகிறது என்பதனால், பண்டைக் கைவினைஞரும் அக்கலவையையே பயன்படுத்தினார் என்றாகாது. அளவிட்ட செய்தியும் ஊகித்த செய்தியும் ஒரே தொனியில் எழுதப்பட்டிருப்பதே நூலின் பெருங்குறை.

பாரிஸ் இசை அருங்காட்சியகத்தின் ஐந்து கருவிகளை ஆராய்ந்து ஷான்-ஃபிலிப் எஷார் குழுவினர் 2009இல் வெளியிட்ட முடிவு எளியது. அடியில் உலரும் எண்ணெய்ப் படலம். அதன்மேல் எண்ணெயும் ஊசியிலை மரப்பிசினும் கலந்த படலம். சிலவற்றில் சிவப்பு நிறமிகள். கனிமத் தளப்பூச்சோ புரதமோ அவற்றில் தென்படவில்லை. ஓவியர்கள் அன்றாடம் கையாண்ட பொருள்களே இவை. இத்துடன் வழக்கு முடிந்ததெனச் சிலர் எழுதியது, சாக்கோனியின் பிழையை மறுதிசையில் செய்ததாகும். 2022இல் திரியெஸ்தேயின் சிங்க்ரோட்ரான் கூடத்தில் 1690, 1718ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரு வயலின்களின் நுண்மாதிரிகளை ஆராய்ந்தோர், மரத்திற்கும் வார்னிஷுக்கும் இடைப்பட்ட எல்லையில் புரதம் இருக்கக் கண்டனர். ஆராயப்பட்ட கருவிகளும் வேறு, கருவிநுட்பமும் வேறு; எனவே ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று கொள்ள இடமில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தொழில்புரிந்த ஒருவர் இறுதிவரை ஒரே செய்முறையைப் பின்பற்றினார் என்னும் முற்கோளே முதலில் ஐயத்திற்குரியது. எஞ்சியுள்ள கருவிகள் ஏறக்குறைய 650 எனக் கணிக்கப்படும் நிலையில், ஐந்தும் இரண்டும் மிகச் சிறிய எண்கள்.

மற்றொரு சிக்கலும் உண்டு. இக்கருவிகள் பலமுறை துடைக்கப்பட்டு, மெருகிடப்பட்டு, ஒட்டப்பட்டு நம்மிடம் வந்தவை. செப்பனிடுவோரின் கையும் அம்மேற்பரப்பில் படிந்துள்ளது. அக்கைகளுள் சாக்கோனியின் கையும் ஒன்று. மாதிரி எடுத்த இடத்தின் பழுதுபார்ப்பு வரலாற்றைக் கூறாத வேதியியல் முடிவு, இடச்சுட்டில்லாத கல்வெட்டுப் படியைப் போன்றது.

வார்னிஷே ஒலிக்குக் காரணம் என்ற கூற்றைப் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை. கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட சோதனையில் 21 கலைஞர்கள் கருவியின் அடையாளம் அறியாமல் வாசித்தபோது, மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி.

ஸ்ட்ராடிவாரியே வார்னிஷைக் குறிப்பிடும் 1708ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று உள்ளது. அதில் செய்முறை இல்லை. வார்னிஷில் விழுந்த பெரிய வெடிப்புகளைக் காரணங்காட்டி, வெயிலில் அவை மேலும் திறந்துவிடாதிருக்க வேண்டியிருந்ததால் வயலினை அனுப்பத் தாமதமானதற்கு அவர் பொறுத்தருளக் கேட்கிறார்.