பயமும் பிடிமானமும்

நவீன கவிதை பற்றிச் சில மாதங்களுக்கு முன் எழுதிய கட்டுரையில், பயத்தை உதறிவிட்டு விளிம்பில் நிற்பதே படைப்பாளியின் முதல் தகுதி என்று சொல்லியிருந்தேன். அந்த வாக்கியத்தை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வங்கி வேலையாகக் கொல்லிமலையில் திருப்புலி நாட்டுக்குப் போக நேர்ந்தது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்க்கையில் உண்டான கிளர்ச்சியைப் பயம் என்றே நினைத்துக்கொண்டேன். ஆபத்து மிக நெருங்கினால் வெறும் வேதனை, சற்று விலகியிருந்தால் அதுவே பரவசம் என்று 1757இல் எட்மண்ட் பர்க் எழுதியது ஞாபகம் வந்தது. என் கட்டுரையின் 'விளிம்பு' இந்த ஜன்னல்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மேலே மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏற்றியிருந்தார்கள். ஏணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுவில் விரல் பதித்து ஏற வேண்டும். இறங்கி வந்த பெரியவரிடம், "பயமா இருக்காதா?" என்று கேட்டேன். "இருக்குமுங்க. பயம் இல்லாதவன் ஏறிப்போடுவான். எறங்கத் தெரியாது" என்றார்.

1865 ஜூலை 14இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாக அடைந்த எட்வர்ட் விம்பர் குழுவில் ஏழு பேர். இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் இறந்தார்கள். சிகரம் பற்றிய நம் படிமங்களில் இந்த இறக்கம் இருப்பதேயில்லை.

'பிராக்டிகல் கிரிட்டிசிஸம்' (1929) எழுதிய ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், அதற்கு முந்தைய வருஷம் மனைவி டாரதி பில்லியுடனும் இரண்டு வழிகாட்டிகளுடனும் ஆல்ப்ஸில் தாந்த் பிளான்ஷ் சிகரத்தின் வடக்கு முகட்டை முதன்முதலாக ஏறியவர். கல்லூரியில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல் தாங்குமா என்று சோதித்த பிறகே அதை நம்புகிற அவருடைய பழக்கத்துக்கும் பாறையில் கைப்பிடி தேடுவதற்கும் உறவு இருக்கக்கூடும் என்பது என் அனுமானம். அவர் விரும்பி ஏறினார். மிளகு பறிப்பவர் பிழைப்புக்காக ஏறுகிறார். இந்த வித்தியாசத்தை மறைக்க முடியாது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு அனுதாபத்தில் சாய்ந்துகொள்வதும் இன்னொரு பஸ் ஜன்னல்தான். இருவரிடமும் பயம் ஓர் அறிவாக வேலை செய்கிறது.

மலைபடுகடாத்தில் இந்த அறிவு இருக்கிறது. அதில் மலை கடப்பவர்கள் வீரர்கள் அல்ல, பரிசில் தேடிப் போகும் கூத்தர்கள். பன்றிக்கு வைத்த பொறி, குழியில் ஒடுங்கிய பாம்பு, யானையை விரட்ட எறியும் கவண்கல், வழுக்கும் வழி என்று இடம் இடமாக எச்சரித்து, எப்படித் தப்புவது என்றும் சொல்கிறது. குரங்குக்கும் எட்டாத செங்குத்தில் தேனெடுக்கச் சார்த்திய கண்ணேணியை அது 'மால்பு' என்கிறது. நான் பார்த்த மூங்கிலுக்கு அவ்வளவு பழைய பெயர். 'ஆபத்து' என்ற பொதுச்சொல்லை வைத்துக்கொண்டு அது நம்மை மிரட்டுவதில்லை.

நம் புதுக்கவிதையில் பாதாளங்களுக்குக் குறைவில்லை. அடுத்த காலை எங்கே வைப்பது என்பதுதான் இல்லை. விழக்கூடிய இடத்தைத் துல்லியமாகத் தெரியாதவன் பயத்தைப் பற்றி எழுதும்போது, தன் தைரியத்தைப் பற்றித்தான் எழுதுகிறான். நானும் அதைத்தான் செய்தேன்.

கீழே வந்து ஆய்வறிக்கை எழுதினேன். மரங்களின் எண்ணிக்கையைக் குறித்தேன். 'ரிஸ்க்' என்ற கட்டத்தில் விலை வீழ்ச்சி, மழை என்று நிரப்பினேன். ஏணிக்கு அதில் இடமில்லை. என் கட்டுரையிலும் இருக்கவில்லை.