முறையான மாணவி

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு மதியம், எங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். இயற்பியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழுக்காக நான்கு பருவம் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவள். கையில் ஓர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் முனைவர் பட்டச் சேர்க்கை விண்ணப்பம். பெயர், மதிப்பெண், நுழைவுத் தேர்வு எண் எல்லாம் நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் எழுதச் சொன்ன கட்டம்.

"இதுல என்ன எழுதுறது மேம்?"

முதுகலை முடித்த மாதமே அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தையல் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தியவர் அந்த அம்மா. இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். இவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், மாலையில் டியூஷன் எடுத்தாள், இரவில் நுழைவுத் தேர்வுக்குப் படித்தாள். பொறியியல் படித்துக்கொண்டிருந்த தம்பியின் படிப்பு ஒருநாளும் நிற்கவில்லை.

"வீட்ல இருந்தேன்னு எழுதினா சும்மா இருந்தேன்னு ஆயிடும்ல மேம்?"

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல். அதனால்தான் இயற்பியல் பேராசிரியரிடம் போகாமல் தமிழ் ஆசிரியையிடம் வந்திருந்தாள்.

எனக்கு இயற்பியல் தெரியாது. பிரதியை வாசிக்கத் தெரியும். அன்று இரவு அந்த விண்ணப்பத்தையும் சேர்க்கை அறிவிப்பையும் ஒரு பிரதியாக வாசித்தேன். முதல் பக்கத்தில் நிறுவனத்தின் நோக்கம் இருந்தது: அறிவைப் பெருக்குவது, நாட்டுக்குப் பயன்படுவது, திறமைக்கு மட்டுமே இடம் தருவது. அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் இந்தக் கட்டம் இருந்தது. முதல் பக்கத்துக்கும் ஐந்தாம் பக்கத்துக்கும் நடுவில் ஒருவன் உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வயதில் முதுகலை முடித்து, அடுத்த மாதமே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடக்கூடியவன். யாருக்கும் கஞ்சி ஊட்ட வேண்டியிராதவன். அறிவிப்பு அவனை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்காகத்தான் எழுதப்பட்டிருந்தது.

இவன் எப்போது வந்து உட்கார்ந்தான் என்று தேடினால் பெங்களூருக்குப் போக வேண்டும்.

இந்திய அறிவியல் கழகம் 1909இல் நிறுவப்பட்டது. ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவு அது. மைசூர் அரசு சுமார் 370 ஏக்கர் நிலம் தந்தது. 1911இல் முதல் மாணவர்கள் வேதியியலிலும் மின்தொழில்நுட்பத்திலும் சேர்ந்தார்கள். உயர்கல்வியும் முதன்மை ஆராய்ச்சியும் வழியாக இந்தியாவின் பொருள்வளத்தையும் தொழில்வளத்தையும் பெருக்குவதே அதன் நோக்கமாக எழுதப்பட்டது. இந்தத் திட்டம் 1898இன் கடைசியில், வைஸ்ராயாகப் பதவியேற்கவிருந்த கர்சனிடம் போனபோது அவர் கேட்ட கேள்விகள் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டியவை. இப்படிப்பட்ட உயர்படிப்புக்கு இந்தியாவில் தகுதியான மாணவர்கள் கிடைப்பார்களா? படித்து முடித்தால் அவர்களுக்கு வேலை இருக்குமா? அடிமை நாட்டின் அறிவைப் பற்றி ஆள்பவர்களுக்கு இருந்த ஐயம் அது. அந்த ஐயத்தைத் தாண்டித்தான் அந்தக் கழகம் எழுந்தது.

1933இல் அதற்கு முதல் இந்திய இயக்குநர் வந்தார். திருச்சிராப்பள்ளிக்காரர், 1930இல் நோபல் பரிசு பெற்றவர், நம் பள்ளிப் பாடநூல்களில் நாம் பெருமையோடு படித்த சர் சி. வி. ராமன். அதே 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முதலிடம் பெற்ற கமலா பாக்வத் அங்கே சேர விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்தால் ராமன் மறுத்தார். கர்சனின் கேள்வி அதே வளாகத்துக்குள் திரும்ப வந்தது. இம்முறை கேட்டவர் இந்தியர், கேட்கப்பட்டவர் பெண்.

கமலா திரும்பிப் போகவில்லை. நேரில் வந்து காரணம் கேட்டார். காந்தியின் வழியில் சத்தியாக்கிரகம் செய்வேன் என்று நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. முதல் ஓராண்டு அவர் முறையான மாணவியாகக் கருதப்படமாட்டார். நெறியாளர் சொன்னால் இரவு நேரமானாலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்தின் சூழலைக் கெடுக்கக்கூடாது, அதாவது ஆண்களின் கவனம் சிதறக் காரணமாக இருக்கக்கூடாது.

மூன்றாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்லிக் கோபப்படுகிறார்கள். கோபப்பட வேண்டியதுதான். ஆண் கவனம் சிதறினால் அது பெண் செய்த குற்றம் என்பது நம் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆய்வுக்கூடம் வரைக்கும் நடந்து போன சட்டம். ஆனால் என்னை நிறுத்தியது முதல் நிபந்தனை. உள்ளே இருக்கலாம், வேலை செய்யலாம், இரவும் செய்யலாம், ஆனால் மாணவி அல்ல. அவளுடைய உழைப்பு எண்ணிக்கையில் வரும், அவள் வரமாட்டாள். இந்த ஏற்பாட்டை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம் அல்லவா? நம் சமையலறைகளில் பார்த்திருக்கிறோம்.

ஸ்ரீனிவாசய்யாவின் வழிகாட்டுதலில் பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து 1936இல் கமலா முதுகலைப் பட்டம் பெற்றார். பின் கேம்பிரிட்ஜ் சென்று தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி பற்றி ஆய்வு செய்து 1939இல் முனைவரானார். திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர், ஏழைகளின் உணவாகக் கூடிய பதநீரின் சத்துகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவர் விருதும் பெற்றார். மக்கள் நலனுக்கு உதவும் ஆராய்ச்சி என்று கழகத்தின் முதல் பக்கம் எதைச் சொன்னதோ, அதை வாழ்நாள் முழுக்கச் செய்தவர் அவர். அந்த ஓராண்டை அவர் வயதான பிறகும் ஓர் அவமானமாகவே நினைவுகூர்ந்தார்.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் வாசிப்பு நேர்மையாக இராது. கமலாவின் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் அதே கழகத்தில் வேதியியல் படித்தவர்கள். இயக்குநரின் எதிரே நின்று 'ஏன்' என்று கேட்க ஒரு பெண்ணுக்குத் துணிவு மட்டும் போதாது, பின்னால் ஒரு வீடும் வேண்டும். 1940இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஏ. லலிதாவுக்கும் அது இருந்தது. பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். அவருடைய அப்பா அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்காக அவர் முதல்வரிடம் பேசினார், கதவு திறந்தது. அப்பாவும் சித்தப்பாவும் படித்திராத வீடுகளிலிருந்து, சாதியின் பெயரால் பள்ளி வாசலிலேயே நிறுத்தப்பட்ட வீடுகளிலிருந்து, அந்தக் காலத்தில் எத்தனை பேர் விண்ணப்பமே எழுதாமல் இருந்திருப்பார்கள்! மறுக்கப்பட்டவர்களுக்காவது வரலாறு உண்டு.

லலிதாவோடு லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவரும் அங்கே பொறியாளர்களானார்கள். அவர்களுக்கான சான்றிதழ்கள் முன்கூட்டியே ஆணுக்காக அச்சிடப்பட்டிருந்தன. 'ஹீ' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டுக் கையால் 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் முனைவர் பட்டத்துக்காகச் சுவடிகளோடும் பழைய பதிப்புகளோடும் சில ஆண்டுகள் கழித்தவள். மூலம் வேறு, திருத்தம் வேறு என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். அந்தப் பேனாக் கோடு பெண்களை உள்ளே விட்டது. ஆனால் அச்சுக்கோப்பு அப்படியே இருந்தது.

அச்சு இன்று மாறிவிட்டதா?

பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகளில் பெண்களுக்கென்று சில வரிகள் உண்டு. ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகள். மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயரும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். இந்த வரிகள் இல்லாமல் பாதியில் நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும். ஆகவே அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். திருமணம் ஆனால் இடம்பெயர்பவள் பெண் என்று நெறிமுறைக்குத் தெரிந்திருக்கிறது. திருமணத்தால் ஊர் மாறும் ஆணை அது கற்பனைகூடச் செய்யவில்லை. குழந்தை வளர்க்க விடுப்பு கேட்கும் ஆணையும்தான். இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'தளர்வு'. இறுக்கமாகக் கட்டிய ஒன்று இருந்தால்தானே தளர்த்த முடியும்? அந்தக் கட்டு யாருடைய அளவுக்குக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

2018இல் ஐஐடிகளின் இளநிலைப் படிப்புகளில் பெண்களுக்காகக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. முதல் ஆண்டு 14 விழுக்காடு, 2020இல் 20 விழுக்காடு என்பது இலக்கு. ஏற்கனவே இருந்த இடங்களில் ஒன்றும் குறையாதபடி புதிதாகச் சேர்த்த இடங்கள் அவை. நாளை முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பெண்களில் பலர் அந்த வகுப்புகளிலிருந்து வருவார்கள் என்பதால் அதை வரவேற்கிறேன். ஆனாலும் அங்கேயும் மூலம் தொடப்படவில்லை. வரிகளுக்கு இடையில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். நம் பதிப்பாசிரியர்கள் இதை இடைச்செருகல் என்பார்கள். இடைச்செருகல் என்று தெரிந்துவிட்ட வரியை வாசகர்கள் எப்படி மதிப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும். "கோட்டாவுல வந்தவ" என்ற சொல்லைக் கேட்காத பெண் அந்த வளாகங்களில் குறைவு.

இங்கே எனக்கு ஒரு தடை உண்டு. அதன் பெயர் அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1940இல் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவர். வைரங்களின் ஒளிர்வைப் பற்றி ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் கலங்கவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்றுத் திரும்பி, நம் வானிலைத் துறையின் கருவிகள் இங்கேயே உருவாகக் காரணமானார். தன்னை ஒரு பாதிக்கப்பட்ட பெண்ணாகக் காட்டுவதை அவர் கடைசிவரை விரும்பவில்லை. அவர் விரும்பாத சட்டையை அவருக்கு மாட்ட எனக்கும் விருப்பமில்லை. விதியில் 'பெண்' என்ற சொல்லும் இல்லை. ஆனால் அந்தக் கதை எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஐந்தாண்டு ஆராய்ச்சி மேசைமேல் இருந்தது. அதைப் படிப்பதற்கு முன்னால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. ஆராய்ச்சியே நோக்கம் என்று சொல்லும் உலகம் ஆராய்ச்சியைவிடக் கட்டத்தை நம்பியது.

என் கதைக்கு வருகிறேன். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போனபோது மகளுக்கு இரண்டு வயது. நேர்காணலில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "குழந்தை வேற இருக்கு, முடிச்சிடுவீங்களாம்மா?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "எங்க அத்தை பாத்துக்குவாங்க சார்." எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். எனக்கு இடம் கிடைத்தது. ஒரு பெண்ணின் படிப்புக்கு இன்னொரு பெண்ணின் இடுப்பை ஈடாக வைத்தேன். என் மாமியாரை நான் கேட்கக்கூட இல்லை. ஆறு ஆண்டுகள் அவர் தூக்கிச் சுமந்ததற்கு, ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரி எழுதினேன்.

அந்த வரியிலிருந்துதான் மாணவியின் காலிக் கட்டத்தை எனக்கு வாசிக்க முடிந்தது. முறையான மாணவன் என்று ஒருவன் தனியாக இல்லை. சோறும் துணியும் நோயும் முதுமையும் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் ஒருவனுக்குத்தான் அந்தப் பெயர். அவளுடைய தம்பியின் விண்ணப்பத்தில் இடைவெளி இருக்காது, ஏனென்றால் அவனுடைய இடைவெளியையும் சேர்த்து அவள் வாழ்ந்துவிட்டாள். கேள்வியைத் திருப்பிப் போட்டால் என்ன? 'இடைவெளி இல்லாமல் படித்தீர்களா? அது எப்படி முடிந்தது, யார் உழைப்பால்?' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். எல்லா விண்ணப்பங்களிலும், எல்லோருக்கும். திறமைக்கு மட்டுமே இடம் என்று முதல் பக்கத்தில் சொல்பவர்கள், அந்தத் திறமை எவ்வளவு சுமையோடு ஓடி வந்தது என்று ஐந்தாம் பக்கத்தில் கேட்கட்டும்.

மறுநாள் அவளும் நானும் சேர்ந்து எழுதினோம். அலங்காரச் சொல் எதுவும் தேடவில்லை. 'பக்கவாதத்தால் படுத்திருந்த தாயை இரண்டு ஆண்டுகள் பராமரித்தேன். அந்தக் காலத்தில் பள்ளி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்தேன். நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன்.' அவ்வளவுதான்.

மே மாதம் நேர்முகத் தேர்வு முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். அரை மணி நேரம் இயற்பியல் கேட்டார்களாம், நன்றாகச் சொன்னாளாம். கடைசியில் ஒருவர் அந்தக் கட்டத்தைக் காட்டி, அம்மாவுக்கு மறுபடி முடியாமல் போனால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?"

"தம்பி இருக்கான், அவன் பாத்துக்குவான் சார்னு சொன்னேன் மேம்."

நான் எதுவும் சொல்லாமல் அவளைப் பார்த்தேன். காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"அவன்கிட்ட இன்னும் சொல்லல மேம். இன்னைக்கு ராத்திரி சொல்லணும்."