‘நாற்பதாண்டுக் கூர்ப்பு’: ஒரு மதிப்பீடு

பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களாய் விளங்கிய பீற்றர் கிறான்ற், றோஸ்மேரி கிறான்ற் ஆகிய இருவரும் கலாபாகசுத் தீவுக்கூட்டத்தின் டாப்னி மேஜரில் 1973 முதல் தரைக்குருவிகளை ஆராய்ந்தனர். அவ்வாய்வின் பயனே 2014இல் வெளிவந்த இந்நூல்.

1977ஆம் ஆண்டு வறட்சியிற் சிறுவிதைகள் அருகின. வன்விதைகளை உடைக்கவல்ல, அலகு பெருத்த குருவிகளே பெரிதும் எஞ்சின. அவற்றின் குஞ்சுகளும் அவ்வியல்பைப் பெற்றன. ஆய்வு அவ்வளவில் நின்றிருப்பின், அலகு பெருப்பதே கூர்ப்பின் திசையென்று கொள்ள நேர்ந்திருக்கும். 1983இற் பெருமழை பொழிந்தது; சிறுவிதைகள் மலிந்தன. அடுத்துவந்த வறட்சியிற் சிற்றலகுக் குருவிகளே மேம்பட்டன. தேர்வின் திசையை வகுப்பது சூழலே என்பது இதனாற் பெறப்படும்.

ஒரு சிறுதீவிற் கண்டதை எல்லாக் குடித்தொகைகளுக்கும் ஏற்றிக் கூறல் பொருந்தாது. எனினும், ஓரிரு பருவ அளவீடுகளைக்கொண்டு விதிவகுக்க விரையும் ஆய்வாளர்க்கு, பொறுமையும் ஆய்வுமுறையின் ஓர் உறுப்பே என்பதை இந்நூல் ஐயமற உணர்த்துகின்றது.